ஓட்டு வீணாப் போச்சுன்னு பேசுறவங்களுக்கு



தேர்தல் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. நாட்டுல பிரதமர் வந்துட்டாரு, அமைச்சரவை வந்தாச்சு, நம்ம பேராக்ல மந்திரி பெசாரும் பதவி ஏத்தாச்சு. ஆனா நம்ம கோயில் மண்டபத்துல மட்டும் தேர்தல் இன்னும் முடிஞ்ச பாடா இல்ல. கார்த்திகை தீபத்தன்னைக்கு அகல் விளக்கு அடுக்கிக்கிட்டே ரெண்டு பேர் சண்டை போட்டதை எல்லாரும் பார்த்தீங்க. போன வெள்ளிக்கிழமை பிரசாதம் கொடுக்குற இடத்துல அதே பேச்சு. அதனால எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன். இது என் சொந்தக் கருத்து, ஆலய நிர்வாகத்தோட கருத்து இல்ல. நான் எந்தக் கட்சியிலயும் உறுப்பினர் கிடையாது. யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு என் வீட்டுக்காரம்மாவுக்கே சொன்னதில்ல. தலைவர் ஐயாகிட்ட கேட்டுட்டுத்தான் பதிவு போடுறேன்.

மூணு விதமான பேச்சு என் காதுல விழுந்துச்சு.

பெரியவர் ஒருத்தர் சொல்றார்: “தம்பி, 2008ல பாரிசானை விரட்டணும்னு வெயில்ல நின்னு ஓட்டுப் போட்டேன். 2018லயும் அதுக்குத்தான் போட்டேன். இப்பவும் அதுக்குத்தான் போட்டேன். கடைசியில பார்த்தா மந்திரி பெசார் பாரிசான்காரர். அப்ப நான் போட்ட ஓட்டு எங்க போச்சு?”

ம.இ.கா கிளையில ரொம்ப காலமா இருக்குற அக்கா ஒருத்தங்க சொல்றாங்க: “நாங்க கூட்டணிக்காக இவ்வளவு உழைச்சோம். தாப்பா ஒன்னுதான் கிடைச்சுது. அமைச்சரவையிலயும் ம.இ.காவுக்கு இடம் இல்ல. எங்களை யாரு மதிச்சா?”

மூணாவது, முதல் தடவை ஓட்டுப் போட்ட தம்பி. பத்தொன்பது வயசு. காவடிக் குழுவுல முன்னாடி நிக்கிற பிள்ளை. “அங்கிள், எல்லாரும் ஒன்னுதான். அடுத்த தடவை நான் போக மாட்டேன், தூங்கிடுவேன்” அப்படின்னான். பக்கத்துல நின்ன நாலு பசங்களும் தலையாட்டினாங்க.

முதல் ரெண்டு பேர் பேச்சு எனக்கு வருத்தம். மூணாவது பேச்சு எனக்குப் பயம். அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, நவம்பர் 19 ராத்திரி உண்மையிலேயே என்ன நடந்ததுன்னு ஒரு தடவை பார்த்துடுவோம். ஏன்னா நிறைய பேர் வாட்ஸ்அப்ல வந்ததை வச்சுத்தான் கோபப்படுறாங்க.

பேராக் சட்டமன்றத்துல 59 இடம். ஆட்சி அமைக்க 30 வேணும். பெரிக்காத்தானுக்கு 26, பக்காத்தானுக்கு 24, பாரிசானுக்கு 9. யாருக்கும் 30 இல்ல. யாராவது ரெண்டு பேர் சேர்ந்தாத்தான் ஆட்சி. 24ம் 9ம் சேர்ந்தா 33. அதான் நடந்துச்சு, நவம்பர் 21 சாரானி முகமட் மறுபடியும் மந்திரி பெசார் ஆனார். ஒன்பது இடம் வச்சிருக்கிறவர் தலைவர், 24 வச்சிருக்கிறவங்க பக்கத்துல உட்காருறாங்க. இது எனக்கும் ருசிக்கல. ஆனா கணக்கு கணக்குதான். ஃபேக்டரியில ரெண்டு மெஷினோட பார்ட்ஸைச் சேர்த்து ஒரு மெஷினை ஓட்டுறதில்லையா, அந்த மாதிரி. அழகா இருக்காது, ஓடும்.

நாடாளுமன்றத்துலயும் இதே கதை. 222 இடத்துல 112 வேணும். பக்காத்தான் 82, பெரிக்காத்தான் 73, பாரிசான் 30, மிச்சம் சபா சரவாக். அஞ்சு நாள் நாடே தூங்கல. மாமன்னர் கூப்பிட்டுப் பேசி, நவம்பர் 24 அன்வார் பிரதமரா பதவி ஏத்தார்.

இது மலேசியாவுல மட்டும் நடக்குற அநியாயம்னு நினைக்காதீங்க. ஓட்டுப் போடுற முறையை நமக்குச் சொல்லிக் கொடுத்த வெள்ளைக்காரன் ஊர்லயே நடந்திருக்கு. 2010 மே 6 பிரிட்டன் தேர்தல்ல யாருக்கும் பெரும்பான்மை வரல. அங்கயும் அஞ்சு நாள்தான். மே 11 கன்சர்வேட்டிவ் கட்சி டேவிட் கேமரன் பிரதமர் ஆனார், லிபரல் டெமாக்ரட் கட்சி சேர்ந்துக்கிச்சு. அந்த லிபரல் கட்சிக்காரங்க பல்கலைக்கழகக் கட்டணத்தை ஏத்த விட மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு மாணவர்கள்கிட்ட ஓட்டு வாங்கினவங்க. ஆட்சிக்குப் போன ஏழாவது மாசம் கட்டணத்தை வருஷத்துக்கு 9,000 பவுன் வரைக்கும் ஏத்த நாடாளுமன்றம் ஒத்துக்கிச்சு. அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கும் நம்ம தம்பிக்கு வந்த அதே கோபம்தான் வந்திருக்கும். ஆனா ஜனங்க ஞாபகம் வச்சிருந்தாங்க. 2015ல அந்தக் கட்சிக்கு 57 இடம் 8 ஆச்சு. கூட்டணி சேர்ந்ததுக்காக மட்டும்தான் அந்த அடின்னு நான் சொல்ல வரல. கொடுத்த வாக்கை விட்டவங்களை ஜனங்க சாவடிக்குப் போய்த்தான் கேட்டாங்க, வீட்டுல தூங்கிக் கேட்கல.

இப்ப பெரியவர் கேட்ட கேள்விக்கு வர்றேன். ஓட்டு எங்க போச்சு?

ஐயா, 2008 மார்ச் 8 ராத்திரியை நீங்களே ஞாபகப்படுத்திப் பாருங்க. அதுக்கு நாலு மாசம் முன்னாடி, தீபாவளி நெருங்கிக்கிட்டு இருந்த நேரத்துல, ஷா ஆலம் பாடாங் ஜாவாவுல மாரியம்மன் கோயிலை இடிச்சாங்க. நவம்பர் 25 கோலாலம்பூர்ல இண்ட்ராப் பேரணி. நம்ம பக்கத்துல இருந்தும் பஸ் எடுத்துப் போனாங்க. அந்தக் கொதிப்பு அப்படியே ஓட்டுப் பெட்டிக்குப் போச்சு. சுங்கை சிப்புட்ல 1974ல இருந்து ஜெயிச்சுக்கிட்டே வந்த துன் சாமிவேலு, டாக்டர் ஜெயகுமார்கிட்ட 1,821 ஓட்டுல தோத்தார். நான் அப்ப நைட் ஷிப்ட். ஃபேக்டரி கேண்டீன்ல டிவி முன்னாடி மலாய்க்காரர், சீனர், நம்மாளுங்க, வங்காளதேசத்துப் பையன்கள் கூட நின்னுக்கிட்டு இருந்தாங்க. முடிவு வந்ததும் பாதிப் பேர் கை தட்டினாங்க. நம்மள்ல ரெண்டு பேர் ஒன்னும் பேசாம வெளியே போய் சிகரெட் பத்த வச்சாங்க. எங்க அம்மா மறுநாள் அழுதாங்க. “எய்ம்ஸ்ட் கட்டின மனுஷன்டா, இப்படி பண்ணிட்டீங்களே”ன்னு. அவரும் 2022 செப்டம்பர் 15 அன்னைக்குக் காலமாகிட்டார். அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு.

இதுல புதுசு ஒன்னும் இல்ல. 1967ல காமராஜரையே விருதுநகர்ல ஒரு கல்லூரி மாணவர் தலைவர்கிட்ட 1,285 ஓட்டுல தோற்கடிச்ச சனம் நம்ம சனம். பெரிய ஆளாச்சேன்னு பார்க்கல. அதே தமிழன் 1969ல நாகர்கோவில்ல அவரை ஜெயிக்க வச்சு நாடாளுமன்றத்துக்கு அனுப்பினான்.

நான் சொல்ல வந்தது இந்த எண்ணிக்கை. 1,821. அது நாலஞ்சு தோட்டத்து லயத்து ஆளுங்க. நம்ம பேராக்ல எப்பவுமே இப்படித்தான், நூல்ல தொங்குற கதை. 2008ல சட்டமன்றம் 31க்கு 28, பக்காத்தான் ஆட்சி. 2013ல அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி பாரிசானுக்கு 31, பக்காத்தானுக்கு 28. 2018ல பக்காத்தான் 29, பாரிசான் 27, பாஸ் 3. இப்ப 26, 24, 9. வேற எந்த மாநிலத்துலயாவது இப்படி நாலு தேர்தலா இழுபறி உண்டான்னு பாருங்க.

இன்னொன்னு கேளுங்க. இன்னைக்குத் துணைப் பிரதமரா இருக்குற சாஹிட் ஹமிடி நம்ம பாகான் டத்தோவுல எத்தனை ஓட்டுல ஜெயிச்சார் தெரியுமா? 348. நம்ம திருவிழா அன்னதானத்துல முதல் பந்தியும் ரெண்டாம் பந்தியும் சேர்த்தா அதைவிட அதிகம். அந்த 348 பேர் அன்னைக்குத் தூங்கியிருந்தா நாட்டோட அரசியலே வேற மாதிரி போயிருக்கும். நல்லதா கெட்டதாங்கிற விவாதத்துக்கு நான் வரல. தூங்குறவன் கணக்குலயும் முடிவு மாறும், ஆனா யாருக்காக மாறுதுங்கிறது அவன் கையில இருக்காது.

தம்பி, உனக்குத்தான் இதைச் சொல்றேன். நான் முப்பது வருஷமா ஆள் வேலைக்கு வர்றாங்களா இல்லையான்னு பார்க்குற சூப்பர்வைசர். ஒருத்தன் சம்பளம் பத்தலன்னு கோபிச்சுக்கிட்டு வரலன்னு வை. இன்னொருத்தன் ராத்திரி பந்தாட்டம் பார்த்துட்டு எழுந்திரிக்கல. ரெண்டு பேருக்கும் பஞ்ச் கார்டுல ஒரே அடையாளம்தான் விழும். ஆப்சென்ட். மேல இருக்குற மேனேஜருக்கு அந்த வெத்துக் கட்டம்தான் தெரியும். கோபம் தெரியாது. கோபத்தோட வந்து யூனியன்ல எழுதிக் கொடுத்தவன் பேரு மட்டும்தான் ஃபைல்ல ஏறும்.

கட்சிக்காரங்க நம்ம கோபத்தை எங்க படிக்கிறாங்கன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியாது. வாக்குச்சாவடியில சாலூரான் 1, சாலூரான் 2ன்னு வரிசை பிரிக்கிறாங்கல்ல, அது வயசுப்படி பிரிக்கிறது. முதல் சாலூரான்ல வயசானவங்க, கடைசி சாலூரான்ல இளவட்டம். ஒவ்வொரு சாலூரானையும் தனித்தனியா எண்ணி, போராங் 14ங்கிற தாள்ல எழுதி, கட்சி முகவர்களுக்கும் ஒரு பிரதி கொடுப்பாங்க. நீ யாருக்குப் போட்டேன்னு யாருக்கும் தெரியாது. ஆனா நம்ம பக்கத்து இளவட்டம் எத்தனை பேர் வந்தாங்க, மொத்தமா எந்தப் பக்கம் சாஞ்சாங்கன்னு அடுத்த நாளே எல்லாக் கட்சி ஆபீஸ்லயும் தெரியும். கடைசி சாலூரான் காலியா இருந்தா, இந்தப் பசங்க வர மாட்டாங்க, இவங்களுக்காக மெனக்கெட வேண்டாம்னு எழுதிடுவாங்க. பந்து மைதானமும் கிடைக்காது, கைத்தொழில் பயிற்சியும் கிடைக்காது.

பதினெட்டு வயசுல ஓட்டு, பேரு தானாவே பதிவுங்கிறது 2021 டிசம்பர் 15ல இருந்துதான் நடைமுறைக்கு வந்துச்சு. 2018ல ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவா இருந்த வாக்காளர் எண்ணிக்கை இந்தத் தடவை 2 கோடி 11 லட்சம். எங்க காலத்துல 21 வயசு ஆகணும், நாமே போஸ்ட் ஆபீஸ்ல போய் பதியணும். தோட்டத்துல பாதிப் பேர் அதையே செய்யல. உனக்கு வீடு தேடி வந்த உரிமைப்பா.

“ஜெயிச்சவங்க தாவிடுறாங்களே, அங்கிள்”னு நீ கேட்டே. நியாயமான கேள்வி. 2009 பிப்ரவரியில மூணு சட்டமன்ற உறுப்பினர்கள் பக்காத்தானை விட்டுப் போனதுல நம்ம ஆட்சியே கவுந்துச்சு. அந்த வருஷம் மே 7, சபாநாயகரா இருந்த சிவகுமாரை நாற்காலியோட இழுத்துக்கிட்டு வெளியே போனாங்க. ஈப்போக்காரங்க யாரும் அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டாங்க. அப்ப பாரிசான் பக்கத்து மந்திரி பெசார் டத்தோ ஸ்ரீ ஜம்ரி. அந்த சிவகுமார் பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினர், 2022ல மனிதவள அமைச்சர் ஆனார். ஜம்ரி லூமுட்ல தோத்து, செனட்டர் வழியா 2022ல வெளியுறவு அமைச்சர் ஆனார். ஒரே மேசையில ரெண்டு பேரும் உட்கார்ந்து சாயா குடிக்கிறாங்க. அவங்களால முடியுது, நம்ம மண்டபத்துல நம்மால முடியல! தோத்த ஆளை ஜனங்க வேண்டாம்னு சொன்ன பிறகு பின்கதவு வழியா அமைச்சர் ஆக்குறது தப்புன்னுதான் நான் நினைக்கிறேன். யார் செஞ்சாலும் தப்பு. அது வேற விஷயம்.

தாவலுக்கு 2022 அக்டோபர் 5ல இருந்து நாடாளுமன்ற அளவுல சட்டம் வந்திருக்கு. தனி ஆள் கட்சி மாறினா பதவி போயிடும். ஆனா கட்சியே மொத்தமா இன்னொரு கூட்டணியோட சேர்ந்தா இந்தச் சட்டம் தடுக்காது. ஓட்டை உள்ள சட்டம்தான். ஆனாலும் 2009ல இருந்ததைவிட மேல்.

சரி, இனிமேதான் நான் எழுத உட்கார்ந்த காரணம்.

நம்மாளுங்க சண்டை முழுக்க புத்ராஜெயாவைப் பத்தி. அமைச்சரவையில தமிழர் ஒருத்தர்தானா? ஏன் ரெண்டு பேர் இல்ல? ஏன் அவர், ஏன் இவர் இல்ல? கேட்க வேண்டிய கேள்விதான், நானும் கேட்குறேன். ஆனா நம்ம கோயிலோட தலைவலி என்ன? நிலம். நம்ம கோயில் நிக்கிற அரை ஏக்கர் தோட்டம் வித்த காலத்துல வாய்வார்த்தையா ஒதுக்கினது. கம்பெனி பேரு சொல்ல விரும்பல, சொல்லியும் பிரயோஜனமில்ல, அது கை மாறி மூணாவது முதலாளிகிட்ட இருக்கு. லயம் போச்சு, பெரட்டுக் களம் போச்சு, ஆயாக்கொட்டகை போச்சு, சுத்தி ரெட்டை மாடி வீடு வந்தாச்சு. அம்மன் மட்டும் அங்கேயே இருக்கா. பட்டா நம்ம பேருல இல்ல. போன கும்பாபிஷேகத்துக்கு நாம போட்ட காசு முழுக்க நமக்குச் சொந்தமில்லாத மண்ணுல போட்ட காசு. இது புதுசா நான் சொல்ற ரகசியம் இல்ல, ஆண்டுக்கூட்ட அறிக்கையிலேயே இருக்கு.

நிலம் மாநில அரசோட அதிகாரம். அரசியலமைப்புலயே அப்படித்தான் இருக்கு. புத்ராஜெயாவுல பத்து தமிழ் அமைச்சர் இருந்தாலும் பேராக் நிலத்துக்கு அவங்க கையெழுத்துப் போட முடியாது. ஈப்போவுல ஆட்சிக்குழு முடிவு பண்ணணும், மாவட்ட நில அலுவலகம் பட்டா எழுதணும். இந்தத் தேர்தல்ல நமக்கு முக்கியமான எண்ணு 82ம் 73ம் இல்ல, 24ம் 9ம்தான்.

2008ல இருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்பாளர்கள் வந்து சூடம் தொட்டு, “ஜெயிச்சதும் முதல் வேலை உங்க கோயில் நிலம்தான்”னு சொல்லிட்டுப் போறாங்க. எல்லாக் கட்சியும் சொல்லியிருக்கு. அப்புறம் கேட்டா ஒரு பக்கத்துக்காரர், “ஆட்சியில நாங்க இல்லைங்க, அவங்ககிட்ட கேளுங்க”ம்பார். ஆட்சியில இருக்கிறவர், “அது முன்னாடி இருந்தவங்க கொடுத்த வாக்கு, எங்க ஃபைல்ல இல்லைங்க”ம்பார். பதினாலு வருஷமா இந்தப் பந்து இங்கயும் அங்கயும் உருண்டுக்கிட்டே இருக்கு.

இப்ப பாருங்க. பெரியவர் ஓட்டுப் போட்ட கட்சியும் ஆட்சியில. அக்கா உழைச்ச கூட்டணியும் ஆட்சியில. ஒரே அறையில. யாரும் யாரையும் கை காட்ட முடியாது. எனக்குத் தெரிஞ்சு நம்ம கோயில் வரலாற்றுல இப்படி ஒரு நேரம் வந்ததே இல்ல. சுங்கை சிப்புட்டும் பத்து காஜாவும் ஈப்போவும் தாப்பாவும், எல்லா ஒய்.பி.யும் அரசாங்கத்துப் பக்கம். பிரதமரே தம்பூன் நாடாளுமன்ற உறுப்பினர், நம்ம ஊர் எல்லையில. மாநில ஆட்சிக்குழுவுல இந்தியர் நலனைச் சுங்கை ஒய்.பி. சிவநேசன் பார்க்குறார். இந்த நேரத்துல நாம “ஓட்டு வீண்”னு ஒப்பாரி வச்சுக்கிட்டு உட்கார்ந்தா, அவங்களுக்கு ரொம்ப வசதி. கோபிச்சுக்கிட்டவன் கேட்க மாட்டான் பாருங்க.

இந்தக் கூட்டணி எவ்வளவு நாள் தாங்கும்னு தெரியாது. அதனாலதான் அவசரப்படுறேன்.

அடுத்தது ஒரு அம்மாவைப் பத்தி. பேரு எழுதல, பூ கட்டுற அம்மான்னா எல்லாருக்கும் தெரியும். எழுபத்தெட்டு வயசு. ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்து லயத்துல பிறந்தவங்க. மருத்துவச்சி வந்து பிரசவம் பார்த்தது, பிறப்புப் பத்திரம் கிடையாது. பன்னிரண்டு வயசுல பால்மரம் வெட்ட ஆரம்பிச்சு நாப்பத்தஞ்சு வருஷம் இந்த நாட்டுக்குப் பால் இறக்கினவங்க. இன்னைக்கும் சிவப்பு ஐ.சி. ஒரு தடவை ஒரு அலுவலகத்துல மலாய்ல கேள்வி கேட்டாங்களாம். பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு, அதோட வந்துட்டாங்க. 19ஆம் தேதி எல்லாரும் விரல்ல மையோட கோயிலுக்கு வந்து ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தோம். அந்தம்மா என்கிட்ட மெதுவா, “எப்படி இருக்கும் தம்பி, எரியுமா?”ன்னு கேட்டாங்க. மை எரியுமான்னு கேட்குறாங்க. எனக்குப் பதில் வரல.

ராத்திரி முடிவு வந்தப்ப அவங்களுக்கு யார் ஜெயிச்சா தோத்தான்னு கவலை இல்ல. மறுநாள் கேட்டது ஒன்னே ஒன்னு. “இவங்களாவது நீலம் கொடுப்பாங்களா?”

1955 ஜூலை 27ல இந்த நாட்டோட முதல் பொதுத்தேர்தல். 52 இடத்துல அலையன்ஸ் 51 ஜெயிச்சுது. தோத்த ஒரே இடம் நம்ம பேராக்ல, கிரியான்ல பாஸ்கிட்ட. சுங்கை சிப்புட் பிள்ளை சம்பந்தன் கிந்தா உத்தாராவுல ஜெயிச்சது அப்பதான். அந்தத் தேர்தல்ல வாக்காளர்ல 84 விழுக்காட்டுக்கு மேல மலாய்க்காரங்க. தோட்டத்து சனத்துல முக்காவாசிப் பேருக்குக் குடியுரிமை இல்ல, ஓட்டும் இல்ல. 1969க்கு அப்புறம் சிவப்பு ஐ.சி.காரங்களுக்கு வேலை பெர்மிட் கேட்டாங்க, ஆயிரக்கணக்கான பேர் மூட்டையைக் கட்டிக்கிட்டு கப்பல் ஏறினாங்க. எங்க பெரியப்பா குடும்பம் அப்படித்தான் போச்சு, இன்னைக்கு வரைக்கும் சேலத்துல இருக்காங்க. போகாம நின்னவங்கள்ல ஒருத்தங்கதான் இந்த அம்மா. அறுபத்தேழு வருஷமா ஒவ்வொரு தேர்தலையும் வேலிக்கு வெளியே நின்னு பார்க்குறாங்க. தம்பி, நீ தூங்கப் போறேன்னு சொன்ன அந்த ஓட்டு, அவங்களுக்குக் கேட்டும் கிடைக்காத ஓட்டு. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதல. அவங்க விண்ணப்பத்தை நிரப்ப மலாய் நல்லா எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும், அது நீதான், அதுக்காக எழுதுறேன். எஸ்.பி.எம்.ல மலாய்க்கு ஏ எடுத்தவன்தானே.

குடியுரிமை மத்திய அரசு விஷயம், உள்துறை அமைச்சு. இதுக்குப் புத்ராஜெயாவைத்தான் பிடிக்கணும்.

ஒரு விஷயம் நிர்வாகத்துக்கு, பணிவோட. ஜெயிச்ச ஒய்.பி. வரும்போது கோபுர உயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறதும், கருவறை முன்னாடி நிக்க வச்சு பரிவட்டம் கட்டுறதும் வேண்டாம்னு கேட்டுக்குறேன். வர்றவர் அம்மனைக் கும்பிட வரட்டும், எல்லாரையும் போல வரிசையில நின்னு தீபாராதனை பார்க்கட்டும், அன்னதானத்துல உட்கார்ந்து சாப்பிடட்டும். மரியாதை செய்யணும்னா மண்டபத்துல ஒரு பொன்னாடை போதும். எல்லாக் கட்சிக்கும் ஒரே பொன்னாடை, ஒரே விலை. மாதிரிக் காசோலையைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி பணம் பேங்குல ஏறிடுச்சான்னு பொருளாளர் பார்க்கட்டும். இதுல சிலருக்கு என்மேல வருத்தம் வரும். பரவாயில்ல. தோத்தவரையும் கூப்பிடணும்ங்கிறேன் நான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ரெண்டு தரப்பு ஆளுங்களும்தான் வந்து கம்பு ஊனப் போறாங்க.

இனி வேலை விவரம்.

வர்ற ஞாயிறு, டிசம்பர் 18, காலை பத்து மணிக்கு கோயில் மண்டபத்துல கூடுறோம். ரெண்டு கடிதம் தயார் பண்ணணும். ஒன்னு நிலத்துக்கு, மந்திரி பெசார் அலுவலகத்துக்கும் ஆட்சிக்குழுவுக்கும். அதுல பக்காத்தான் ஒய்.பி., பாரிசான் தரப்பு, ரெண்டு பக்கத்துக் கையெழுத்தும் ஆதரவா வேணும். பெரியவர் ஒரு பக்கம் போய் வாங்கட்டும், ம.இ.கா அக்கா இன்னொரு பக்கம் போய் வாங்கட்டும். ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டேன், முணுமுணுத்துக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க. பழைய தோட்டத்து வரைபடம், கோயில் வரி ரசீது, 1980களுக்கு முன்னாடி எடுத்த திருவிழா போட்டோ யார் வீட்டுல இருந்தாலும் கொண்டு வாங்க. ஃபிரேமோட இருந்தா ஃபிரேமோட வாங்க, படம் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவோம்.

ரெண்டாவது, சிவப்பு ஐ.சி. உள்ளவங்க, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைங்க உள்ள குடும்பம், எல்லாரும் இருக்குற தாள்களோட வாங்க. பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், சாமி போட்டோவுக்குப் பின்னாடி சொருகி வச்ச தாள் எதுவா இருந்தாலும் சரி. வெட்கப்பட வேண்டாம், தனியா உட்கார்ந்து பேச இடம் இருக்கு. பூ கட்டுற அம்மா வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

இளவட்டம் ஆறு பேர் வேணும், மலாய்ல விண்ணப்பம் எழுத. லேப்டாப் இருக்கிறவங்க கொண்டு வாங்க, கோயில் வைஃபை மெதுவா இருக்கும். மதியச் சாப்பாடு இருக்கு, சாம்பாரும் பொரிச்ச அப்பளமும். அன்னைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு உலகக் கிண்ண இறுதி ஆட்டம்னு பசங்க ஏற்கனவே கேட்டாச்சு. நாலு மணிக்கெல்லாம் முடிச்சுடுவோம்பா, வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுட்டு ஆட்டத்தைப் பார்க்கலாம்.

ஓம் சக்தி.